சீனாவில் வெளிநாட்டு வாத்தியார்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தென்கிழக்குச் சீனாவில், ஃபுஜியான் மாகாணத்தின் ஷியாமென் நகரில் வேலை பார்க்கிறேன். ஒரு தனியார் பள்ளியின் சர்வதேசப் பிரிவில் கணக்கு ஆசிரியர். சொந்த ஊர் திருச்சிப் பக்கம். வேலைக்கு வர நினைப்பவர்கள், சுற்றிப் பார்க்க வருபவர்கள், சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் என எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். விசா விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சீனப் பிள்ளைகளுக்குப் போய்க் கணக்குச் சொல்லித்தருகிறீர்களா?

இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நியாயமான சிரிப்புதான். கணக்குப் போடுவதில் இந்தப் பிள்ளைகளுக்கு நான் புதிதாகக் காட்ட அதிகமில்லை. சின்ன வயதிலேயே ஒன்பதாம் வாய்ப்பாடு வரை பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். "மூன்று ஏழு இருபத்தொன்று" என்பது சீன மொழியில் ஐந்தே அசையில் முடிந்துவிடும். மூவேழைப் படித்தவர்கள் ஏழ்மூன்றைத் தனியாகப் படிப்பதில்லை, அதனால் மொத்தமே 45 வரிகள். பதினாறாம் வாய்ப்பாடு வரை உருப்போட்ட நமக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

என் வேலை வேறு. இவர்கள் எழுதுவது பிரிட்டிஷ் பாடத்திட்டத்தின் ஏ லெவல் தேர்வு, அதுவும் ஆங்கிலத்தில். விடையை நொடியில் எழுதிவிட்டு வழிமுறையை எழுதாமல் விடுவார்கள். அப்புறம், வினாவிலேயே நான்கு வரி கதை இருந்தால் எங்கே ஆரம்பிப்பது என்று திகைத்து நிற்பார்கள். புள்ளியியல் பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

பெரிய எண்களில் மட்டும் நாங்கள் ஒரே கட்சி. அவர்கள் பத்தாயிரத்தை 'வான்' என்றும், பத்துக் கோடியை 'யி' என்றும் எண்ணுபவர்கள். ஒரு மில்லியன் என்று கேள்வியில் வந்தால் அவர்கள் மனதுக்குள் நூறு வான் என்று மாற்றுவார்கள், நான் பத்து லட்சம் என்று மாற்றுவேன். இரண்டு தரப்புக்கும் அரை நொடி ஆகும்.

கைக்கணக்கையும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது. ஆறு முதல் பத்து வரை ஒரே கையில் காட்டுவார்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டினால் ஆறு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் என்றால் எட்டு. சந்தையில் அதை இரண்டு யுவான் என்று நினைத்துக்கொண்டு பையை நீட்டும் புதியவர்களை அடிக்கடி பார்க்கலாம்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு ஆங்கில ஆசிரியராக வரமுடியுமா?

சட்டப்படி வருவது கஷ்டம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டின் குடிமக்களுக்குத்தான் ஆங்கிலம் கற்பிக்க வேலை அனுமதி கொடுப்பது வழக்கம். நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகியவைதான் அந்தப் பட்டியல். நீங்கள் ஷேக்ஸ்பியரைத் தலைகீழாகச் சொன்னாலும் பாஸ்போர்ட்டின் நிறம்தான் பேசும்.

பாட ஆசிரியராக வருவது வேறு கதை. கணக்கு, இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் என்று ஆங்கில வழியில் நடத்தும் சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில் இந்தியர்கள் நிறையவே இருக்கிறோம். பி.எட். பட்டமும், அந்தப் பாடத்திட்டத்தில் கற்பித்த அனுபவமும் இருந்தால் பேச்சுவார்த்தை சுலபமாகும். பல்கலைக்கழகங்களில் ஆங்கில வழி மருத்துவப் படிப்பு நடத்தும் துறைகளிலும் நம்மவர்கள் உண்டு. 2021இல் பள்ளிப் பாடங்களுக்கான தனியார் டியூஷனுக்கு அரசு கடிவாளம் போட்ட பிறகு, பயிற்சி மையங்களை நம்பி வருவதில் அர்த்தமில்லை.

விசா நடைமுறை எப்படி?

பட்டச் சான்றிதழ், போலீஸ் நன்னடத்தைச் சான்று, மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைத் தயார் செய்யவேண்டும். சான்றிதழ்களுக்கு அத்தாட்சி வாங்குவதற்குத்தான் நாள் ஆகும். அதை முதலில் ஆரம்பித்துவிடுங்கள். பள்ளி அங்கே விண்ணப்பித்து வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்கி அனுப்பும். அதைக் காட்டித்தான் இசட் விசா வாங்கவேண்டும். வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தங்குமிடத்தைப் பதியவேண்டும் (ஓட்டலில் தங்கினால் அவர்களே பதிந்துவிடுவார்கள்). 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கவேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "இப்போதைக்கு எம் விசாவில் வாருங்கள், வந்தபிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்பவே வேண்டாம். எம் விசா வியாபாரத்துக்கு. அதில் வந்து வகுப்பெடுத்தால் அது சட்டவிரோத வேலை. 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், கடுமையான நிலையில் 5 முதல் 15 நாள் காவல் என்று சட்டமே சொல்கிறது. மாட்டிக்கொள்வது நீங்கள், ஏஜென்ட் அல்ல.

சம்பளம் கையில் நிற்குமா?

நிற்கும், வீடு பள்ளி கொடுத்தால். ஷியாமெனில் வாடகைதான் பெரிய செலவு. ஆகவே சம்பளத் தொகையைக் கேட்பதற்கு முன், வீடோ வாடகைப் படியோ ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகம் என்றால் சம்பளம் குறைவு, விடுமுறை அதிகம். சர்வதேசப் பள்ளி என்றால் நேர்மாறு. ஊருக்குப் பணம் அனுப்ப வரி கட்டிய ரசீதையும் வேலை ஒப்பந்தத்தையும் வங்கியில் காட்டவேண்டும். முதல் தடவை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போவது நல்லது.

கூகுள், வாட்ஸ்அப் எதுவும் இல்லாமல் எப்படி?

கூகுள், யூடியூப், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எதுவும் உள்ளூர் இணையத்தில் திறக்காது. இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருந்தால் திறக்கும். கொஞ்ச நாள் சுற்றுலாவுக்கு அது போதும். வாழ வருபவர்கள் வீசாட் என்ற சீனச் செயலியில்தான் வாழவேண்டும்.

பணத்துக்கு அலிபே, வீசாட் பே இரண்டும் போதும். வெளிநாட்டு வங்கிகளின் விசா கார்டு, மாஸ்டர் கார்டுகளையும் இப்போது இணைக்கலாம். ஒரு தடவைக்கு 200 யுவானுக்குள் என்றால் கூடுதல் கட்டணம் கிடையாது. அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள். கிளம்புவதற்கு முன்பே ஊரில் இருந்தபடி அலிபேயில் கார்டை இணைத்துச் சோதித்துவிடுங்கள். ஓ.டி.பி. வருவதில் தகராறு செய்யும் வங்கிகள் உண்டு. தெருவோர வேர்க்கடலை வண்டியில்கூட கியூஆர் அட்டைதான் தொங்கும். நோட்டை நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் சில்லறைக்குப் பக்கத்துக் கடைக்கு ஓடுவார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? சைவர்கள் சமாளிக்க முடியுமா?

அசைவர்களுக்குக் கவலையே இல்லை. ஃபுஜியான் கடற்கரைச் சமையலில் காரம் குறைவு, கடல் உணவு அதிகம். சிப்பியைச் சர்க்கரைவள்ளி மாவில் புரட்டி முட்டையோடு சுடும் ஆம்லெட் எல்லா முக்கிலும் கிடைக்கும். ஷியாமெனின் அடையாளம் ஷாச்சா நூடுல்ஸ். வேர்க்கடலையும் காய்ந்த இறாலும் மிளகாயும் அரைத்த குழம்பில் நூடுல்ஸ். கடலோடி மலேயா, சிங்கப்பூர், இந்தோனேசியா பக்கம் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த சுவை. கடையில் முன்னால் தட்டுத்தட்டாக வைத்திருப்பதில் கணவாய், டோஃபு, கீரை என்று எதைக் காட்டுகிறீர்களோ அதை உள்ளே போட்டுத் தருவார்கள். துசுன்தோங் என்ற ஒன்றை யாராவது அன்பாக நீட்டினால், அது கடல்புழுவை வேகவைத்து உறையவைத்த ஜெல்லி என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். நான் சாப்பிட்டேன். மறுபடி கேட்டு வாங்கவில்லை.

சைவர்கள் பாடு கொஞ்சம் சிரமம்தான். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மீன் வரும், அல்லது டோஃபுவின் மேல் கொத்திய பன்றி இறைச்சி தூவி வரும். அதை யாரும் இறைச்சியாகக் கணக்கில் எடுப்பதில்லை. "வோ ச்சி சூ", அதாவது நான் சைவம் சாப்பிடுபவன் என்று சொல்லிப் பழகுங்கள். புத்தத் துறவிகளின் சாப்பாடு என்று உடனே புரிந்துகொள்வார்கள். ஷியாமெனில் நான்புதுவோ கோயிலின் சைவ உணவகம் பெயர் பெற்றது. காலையில் இனிப்பு வேர்க்கடலை சூப்பும் வறுத்த மாவுக்குச்சியும் எங்கும் கிடைக்கும். வீட்டில் சமைத்தால் சீரகம், மல்லி, பட்டை, வற்றல் எல்லாம் உள்ளூர்க் கடையிலேயே உண்டு. துவரம்பருப்பும் பெருங்காயமும் ஊரிலிருந்து பெட்டியில் வருவதுதான்.

பள்ளிக்கூட நாள் எப்படிப் போகும்?

சீக்கிரம் ஆரம்பித்துத் தாமதமாக முடியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்துத் திரையை இழுத்துவிட்டு, வகுப்பு முழுவதும் மேசையில் தலை சாய்த்துத் தூங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கென்று ஒரு குட்டித் தலையணை உண்டு. ஆசிரியர் அறையிலும் மடக்குக் கட்டில்கள் விரிந்துவிடும். அந்த நேரத்தில் போன் அடித்தால் முறைப்பார்கள். சீனப் பள்ளிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். நம் பள்ளிகளும் இதைக் கடன் வாங்கலாம்.

வகுப்பில் கேள்வி கேட்டால் யாரும் கை தூக்க மாட்டார்கள். தெரியாமல் அல்ல. தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்ற தயக்கம். வகுப்புத் தலைவன் என்று ஒரு பையனோ பெண்ணோ இருப்பார், அவரைப் பிடித்தால் பாதி வேலை நடந்துவிடும். பெற்றோர் வீசாட் குழுவில் ராத்திரி பதினொரு மணிக்கும் செய்தி வரும். செப்டம்பர் 10 ஆசிரியர் தினம், அன்று மேசையில் பூவும் கைப்பட எழுதிய அட்டைகளும் குவியும்.

எரிச்சலூட்டுவது விடுமுறைக் கணக்கு. அரசு நீண்ட விடுமுறை விடும், ஆனால் அதில் சில நாட்களுக்கு ஈடாக முன்னாலோ பின்னாலோ ஒரு சனி, ஞாயிறு வேலைக்கு வரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை செவ்வாய்க்கிழமை அட்டவணைப்படி வகுப்பு நடக்கும். வந்த புதிதில் எவருக்கும் இது பிடிபடாது.

எப்போது ஊர் சுற்றக்கூடாது?

அக்டோபர் 1 முதல் 7 வரை, மே 1ஐ ஒட்டிய நாட்கள், சீனப் புத்தாண்டு. இந்த மூன்றிலும் சுற்றுலா இடங்களுக்குப் போனால் முன்னால் நிற்பவர் முதுகைத்தான் பார்ப்பீர்கள். ரயில் டிக்கெட் பொதுவாக 15 நாளுக்கு முன் திறக்கும். பாஸ்போர்ட் எண் போட்டுத்தான் வாங்கவேண்டும், தாள் டிக்கெட் தேவையில்லை. உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைத் தேய்த்துவிட்டுப் போகும் தானியங்கி வாசல் பல நிலையங்களில் பாஸ்போர்ட்டுக்குத் திறக்காது. ஓரமாக ஆள் நிற்கும் வழியில் போங்கள்.

ஷியாமென் பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் வரலாம். புயல் எச்சரிக்கை வந்தால் ரயில், படகு எல்லாம் நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் இடைவெளி வைத்துத் திட்டமிடுங்கள்.

பெய்ஜிங், ஷிஆன் எல்லாம் பார்த்தீர்களா?

பார்த்தேன், பார்க்கவேண்டியவைதான். பெய்ஜிங்கில் அரண்மனை அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களுக்கும் முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது. பெருஞ்சுவருக்கு பாதாலிங்கை விட்டுவிட்டு முதியான்யூ போங்கள், கூட்டம் குறைவு, ஏற கேபிள் கார் உண்டு. ஷிஆனில் 1974இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்டெடுத்த சுடுமண் படையை எல்லோரும் பார்ப்பார்கள். எனக்கு அதைவிட ஊரைச் சுற்றியுள்ள கோட்டைச் சுவர் பிடித்தது. சுமார் 14 கிலோமீட்டர், மேலே வாடகை சைக்கிள் கிடைக்கும். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுபோன சுவடிகளை வைக்க 652இல் கட்டிய காட்டுவாத்துப் பகோடாவும் அங்கேதான். காஞ்சிபுரம் வரை வந்து அதைப் பற்றி எழுதிவைத்த மனிதர் அவர்.

ஆனால் ஒரே வாரம்தான் கையில் இருக்கிறது, எங்கே போகலாம் என்று தமிழர் யார் கேட்டாலும், நான் ஃபுஜியான் என்றுதான் சொல்வேன்.

ஃபுஜியானில் அப்படி என்ன இருக்கிறது?

ஷியாமெனிலேயே ஆரம்பிக்கலாம். எதிரே குலாங்யூ தீவு. இரண்டு சதுர கிலோமீட்டர்கூட இருக்காது, கார் கிடையாது, பழைய வெளிநாட்டுத் தூதரகக் கட்டடங்களும் பியானோ அருங்காட்சியகமும் ஆலமரச் சந்துகளும் உண்டு. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காலை முதல் படகில் போய்விட்டு, கூட்டம் வரும்போது திரும்பிவிடுவது உத்தமம்.

ஷியாமென் பல்கலைக்கழகத்தை 1921இல் நிறுவியவர் தான் கா கீ. சிங்கப்பூரில் ரப்பரிலும் அன்னாசியிலும் சம்பாதித்த பணத்தை ஊருக்குக் கொண்டுவந்து கல்விக்கே இறைத்தவர். மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய நம் பாட்டன்மார் நினைவுக்கு வராமல் அந்தக் கட்டடங்களைப் பார்க்க என்னால் முடிவதில்லை. கீழே மேற்கத்தியச் சுவர், மேலே சீனக் கூரை என்று பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

உள்நாட்டு மலைப்பக்கம் போனால் துலோ என்ற மண்கோட்டை வீடுகள். ஒரே குலத்தைச் சேர்ந்த குடும்பங்கள் சேர்ந்து வாழ, மண்ணை இடித்துக் கெட்டித்து வட்டமாக எழுப்பிய பல மாடிக் கட்டடம். யோங்திங்கிலுள்ள செங்சிலோவில் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வளையங்கள். நடுவில் முன்னோர் மண்டபம், தரைத்தளத்தில் சமையலறைகள், அதற்கு மேல் தானிய அறைகள், அதற்கும் மேல் படுக்கை. இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். தேயிலை விற்கும் பாட்டி உங்களை உட்காரவைத்துச் சின்னக் கோப்பையில் ஊற்றிக்கொண்டே இருப்பார். வாங்காமல் எழுந்துவர மனம் வராது.

தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊர் எது?

சுவான்ஜோ. குவாங்சோ வேறு, இது வேறு, குழப்பிக்கொண்டு டிக்கெட் எடுக்காதீர்கள். ஷியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் அரைமணி நேரம். பழங்காலத்தில் உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. மார்க்கோ போலோ ஜைத்தூன் என்று எழுதியது இந்த ஊரைத்தான். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு இங்கே கிடைத்தது. தமிழில் எழுதி, கடைசியில் சீன வரியும் சேர்த்தது. சம்பந்தப் பெருமாள் என்பவர் மங்கோலியக் கானின் நலனுக்காகத் திருக்கதலீசுவரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் சாரம். குப்ளாய் கான் ஆண்ட காலம். அந்தக் கோயில் இன்று இல்லை. கற்கள்தான் ஊர் முழுவதும் சிதறிக் கிடந்தன.

அவற்றைப் பார்க்க இரண்டு இடங்களுக்குப் போகவேண்டும். ஒன்று கடல்சார் அருங்காட்சியகம். இன்னொன்று 686இல் தொடங்கிய கையுவான் புத்தக் கோயில். வந்தவர்கள் இரட்டைக் கற்பகோடாக்களைப் படம்பிடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் பிரதான மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போங்கள். பச்சை சாயல் கொண்ட கல்லில் இரண்டு தூண்கள், பதினாறு பட்டை. குனிந்து பார்த்தால் வட்டத்துக்குள் நரசிம்மர் இரணியனைக் கிழித்துக்கொண்டிருப்பார், இன்னொரு வட்டத்தில் கண்ணன். நம்மூர் மண்டபத் தூண்களில் பார்க்கும் அதே வடிவம், கொஞ்சம் சீன முகத்தோடு. இடிந்துபோன கோயிலிலிருந்து மிங் காலத்தில் எடுத்துவந்து பொருத்தியவை. பக்கத்தில் ஊதுவத்தி ஏற்றும் பாட்டிகளுக்கு இவை யாரென்று தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. இந்த ஊரில் கிடைத்த சிற்பங்களில் யானை லிங்கத்தை வழிபடும் காட்சியும் ஒன்று. திருச்சிக்காரனுக்கு அதைப் பார்த்தால் திருவானைக்கா கதை யாரும் சொல்லாமலே புரியும். ஊருக்கு வெளியே சேதியான் கிராமத்தில் ஒரு பழைய பெண் தெய்வச் சிற்பத்தைக் குவான்யின் என்ற பௌத்தக் கருணைத் தெய்வமாக இன்றும் கும்பிடுகிறார்கள்.

நம்முடையது மட்டும் என்று நினைக்கவேண்டாம். 1009இல் கட்டிய சிங்சிங் மசூதி அருகிலேயே இருக்கிறது. பக்கத்து ஜின்ஜியாங்கில், உலகத்தில் வேறெங்கும் வழக்கொழிந்துபோன மானி மதத்தின் சிலை உள்ள கோயில் ஒன்று உண்டு. 1059இல் முடித்த லோயாங் பாலத்தின் அடிக்கற்களைப் பிடித்து இறுக்க, அவற்றின்மேல் சிப்பி வளர்த்திருக்கிறார்கள். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போனால் சிப்பி அப்பிய கற்கள் தெரியும். ஷுன்பு மீனவக் கிராமத்தில் பெண்கள் கொண்டையைச் சுற்றிப் பூ வளையம் வைப்பது வழக்கம். இப்போது சுற்றுலாப் பெண்கள் காசு கொடுத்து அதே அலங்காரம் செய்துகொண்டு படமெடுக்கிறார்கள். மல்லிகைப்பூ வைத்துப் பழகிய நம் பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் கூச்சமே இருக்காது.

போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர் என்று அங்கே சொல்வார்களா?

தாமோ என்றால் எல்லோருக்கும் தெரியும், ஷாவோலின் மலையில் அவர் தவமிருந்ததாகச் சொல்லும் குகையும் உண்டு. தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்ற மரபு சீனத்தில் பழையது. இன்னும் பழைய ஆறாம் நூற்றாண்டு நூல் ஒன்று அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. காஞ்சி, பல்லவர் என்பதெல்லாம் பின்னால் சேர்ந்தவை. டாக்ஸி ஓட்டுநரிடம் இதை நிரூபிக்கப் புறப்படாதீர்கள். சுவான்ஜோவில் கல்லிலேயே ஆதாரம் இருக்கும்போது இந்த வழக்கு நமக்கு எதற்கு?

பெண்கள் தனியாக வரலாமா?

வரலாம். ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக நடந்து வீடு திரும்பும் பெண்களை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். என்னுடன் வேலை செய்யும் பெண் ஆசிரியர்கள் தனியாகவே ரயிலேறி ஊர் சுற்றுகிறார்கள். சின்ன ஊர்களில் கேட்காமல் படம் எடுப்பார்கள், அதுதான் தொல்லை.

குடும்பத்தை அழைத்துவரலாமா? விருந்தாளியாக வருபவர்களுக்கு?

வேலை செய்பவரின் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கு எஸ்1 விசா உண்டு. திருமணச் சான்று, பிறப்புச் சான்றுக்கும் அத்தாட்சி வேண்டும். அந்த விசாவில் வேலை பார்க்க முடியாது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் சலுகை உண்டா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள், பின்னால் கேட்டால் நடக்காது.

சுற்றிப் பார்க்க மட்டும் என்றால், சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு 30 நாள் வரை விசாவே வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எல் விசா எடுக்கவேண்டும். ஷியாமெனுக்கு சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நேரடி விமானம் உண்டு, திருச்சியிலிருந்து அந்த வழியே வருவதுதான் சௌகரியம். நண்பர் வீட்டில் தங்கினாலும் 24 மணி நேரப் பதிவு கட்டாயம். வரும்போது பாஸ்போர்ட், விசா, நுழைவு முத்திரைப் பக்கங்களின் நகலோடு வாருங்கள், காவல் நிலையத்துக்கு நானே கூட்டிப்போகிறேன். முடிந்தால் ஒரு கிலோ துவரம்பருப்பு.